மார்ஷ்மெல்லோ கிழங்கும் மாமனாரின் சர்க்கரையும்

கேள்வி: வட கரோலினாவில் இருக்கிறோம். இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நாலாவது வியாழன் வருகிற அமெரிக்க நன்றித் திருநாள்) விருந்து எங்கள் வீட்டில், மொத்தம் பத்துப் பேர். என் ஓரகத்தி அமெரிக்கப் பெண். வருடா வருடம் அவர் கொண்டுவரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கேசரோலை, அதாவது ஓவனில் வைத்து எடுக்கும் கிழங்கு மசியலை, இந்த முறை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவருடைய அம்மாவின் ரெசிபியை வாங்கிப் பார்த்தேன். மசித்த கிழங்கு 3 கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் அரை கப், முட்டை 2. மேலே தூவ பிரவுன் சுகர் 1 கப், மைதா அரை கப், வெண்ணெய் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு கப், பெக்கான் பருப்பு 1 கப். எட்டுப் பேருக்கு என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்காக ஒரு பாதியில் மார்ஷ்மெல்லோ வேறு. படிக்கும்போதே தலை சுற்றியது. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமனாருக்கு 15 வருஷமாகச் சர்க்கரை, கடைசியாகப் பார்த்த ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஓரகத்தியின் அம்மாவும் விருந்துக்கு வருகிறார், அவர் முகம் சுளிக்காமல் இதை எப்படிக் கொஞ்சம் நல்லதாக மாற்றுவது? நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா? மாமனார் இந்தக் கிழங்கைத் தொடலாமா? பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே!

பதில்: வணக்கம். முதலில் அந்தப் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் என்னிடம் வருகிற சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேர் இந்தக் கிழங்கை ஒதுக்குவது அதன் பெயருக்காகத்தான், அதே ஆள் மத்தியானம் மூன்று கரண்டி சோறு போட்டுக்கொள்வதை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார். 100 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து 28 கிராம் இருக்கிறது. தோலுரித்து வேகவைத்த சர்க்கரைவள்ளியில் 18 கிராம். கூடவே நார்ச்சத்து, பொட்டாசியம், ஆரஞ்சு நிறக் கிழங்காக இருந்தால் ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஏ ஏறக்குறைய முழுக்க அந்த 100 கிராமிலேயே. எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட இது சாது.

இப்போது உங்கள் கையில் இருக்கிற ரெசிபிக்கு வருவோம். கிழங்கை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் கொட்டப்போவதை மட்டும் கணக்குப் போடுங்கள். வெள்ளைச் சர்க்கரை ஒரு கப் 200 கிராம், பிரவுன் சுகரை அமுக்கி அளந்தால் 220 கிராம். மொத்தம் 420. எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 52 கிராம், அதாவது 13 டீஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்கு மேற்கொண்டு சேர்க்கும் சர்க்கரை பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம் தாண்டக் கூடாது என்கிறது. இங்கே ஒரு தொட்டுக்கை, அதுவும் இனிப்புப் பலகாரமாக இல்லாமல் வான்கோழிக்குப் பக்கத்தில் வைக்கிற தொட்டுக்கை, அதைத் தாண்டிவிட்டது, பூசணிக்காய் பை இன்னும் மேஜைக்கே வரவில்லை. மார்ஷ்மெல்லோவை நான் சேர்க்கவே இல்லை, நாலு பெரிய மார்ஷ்மெல்லோவில் 16, 17 கிராம் சர்க்கரை இருக்கும், பாக்கெட்டின் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பும்போதே சேர்மானப் பட்டியலையும் படித்துவிடுங்கள். ஜெலட்டின் என்று இருக்கும். இங்கே விற்கும் மார்ஷ்மெல்லோவில் அது பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுப்பது. நம் ஆட்கள் பலர் 'கிழங்குதானே, சைவம்தானே' என்று சுத்த சைவக்காரர்களுக்கு இதைப் பரிமாறியிருக்கிறார்கள், நானும் இங்கே வந்த புதிதில் செய்திருக்கிறேன், தெரிந்தபோது இரண்டு நாள் மனசு சரியில்லை. உங்கள் மாமியாருக்காக இதை முதலிலேயே சொல்கிறேன்.

நாட்டுச் சர்க்கரை கேள்விக்கு ஒரே வரி: வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், தேன், மேப்பிள் சிரப், எதைப் போட்டாலும் உங்கள் மாமனாரின் ரத்தத்துக்கு அது சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப்பில் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் இருக்கும் சொற்ப இரும்பையும் கால்சியத்தையும் நம்பி ஒரு கப் ஊற்றுவது, மோதிரம் அடகு வைத்து வளையல் வாங்குகிற கதை. ருசிக்காக ஒரு ஸ்பூன் போடுங்கள், நல்லது என்று நினைத்துப் போடாதீர்கள்.

அப்படியானால் இனிப்புக்கு என்ன வழி? கிழங்குதான் வழி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் ரெசிபியே தேவைப்படாது.

சர்க்கரைவள்ளியில் மாவை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பச்சைக் கிழங்கில் அது சும்மா கிடக்கும். கிழங்கின் உள்சூடு ஏறக்குறைய 135 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 170 வரைக்கும் இருக்கிற நேரத்தில்தான் அது மும்முரமாக வேலை செய்யும், அதற்கு மேலே போனால் செத்துவிடும். ஆக அந்த இடைப்பட்ட சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. மைக்ரோவேவில் எட்டு நிமிஷத்தில் வெந்த கிழங்கு சப்பென்று இருப்பதும், அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கு தேனாக இருப்பதும் இதனால்தான். நம் பாட்டிகள் இதை நொதி என்று சொல்லாமலே செய்தார்கள்.

எனவே தோல் சீவித் துண்டு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிடும் வேலையை விட்டுவிடுங்கள். என் முதல் தேங்க்ஸ்கிவிங்கில் அதைத்தான் செய்தேன். ஆரஞ்சு கிழங்கு நம்மூர்க் கிழங்கு மாதிரி இல்லை, தண்ணீரைக் குடித்துக் குழைந்துபோகும், வடிகட்டியும் சாம்பார் மாதிரி நின்றது. கெட்டியாகட்டும் என்று மாவு தூவித் தூவி, கடைசியில் களி. ஒரு பெரியவர் கரண்டியை நட்டுவைத்துப் பார்த்தார், அது சாயாமல் அப்படியே நின்றது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். நடுத்தர அளவில், ஒல்லியாக, ஒரே பருமனில் இருக்கிற ஆரஞ்சு கிழங்காக 3 பவுண்டு வாங்குங்கள், ஐந்தாறு வரும். உங்களுக்கு அந்த விஷயத்தில் கவலையே இல்லை, நாட்டிலேயே அதிகம் சர்க்கரைவள்ளி விளைவது உங்கள் மாநிலத்தில்தான், 1995இல் அதை மாநிலக் காய் என்றே அறிவித்தார்கள், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் மனு எழுதிக் கேட்டு. கடையில் 'யாம்' என்று எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம், அதுவும் இதே கிழங்குதான், உண்மையான யாம் என்பது நம் வெற்றிலைவள்ளி, பெருவள்ளி ஜாதி, சம்பந்தமே இல்லை. 1930களில் லூசியானாக்காரர்கள் தங்கள் ஆரஞ்சு ரகத்தைத் தனியாகக் காட்டி விற்க வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சிரப்பில் ஊறிய டின் மட்டும் வாங்காதீர்கள். வாங்கி வந்த கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் பட்டால் நடுவில் விறைத்துப்போகும், எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கட்டி போகாது. வெங்காயக் கூடையில் கிடக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை இரவு, வியாழக்கிழமை அல்ல, ஏனென்றால் வியாழன் ஓவன் வான்கோழிக்குச் சொந்தம், கிழங்கைக் கழுவித் துடைத்து முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, ஃபாயில் விரித்த தட்டில் அடுக்கி, சூடாகாத ஓவனில் வைத்துவிட்டு அப்புறம் 350 டிகிரிக்குத் திருப்புங்கள். முன்கூட்டியே சூடாக்க வேண்டாம், மெதுவாகச் சூடேறட்டும், அதுதான் நமக்கு வேண்டியது. ஒன்றேகால் மணி நேரம், கிழங்கு பெரிதென்றால் ஒன்றரை. குத்தின ஓட்டைகளில் பாகு கசிந்து ஃபாயிலில் வழிந்து, ஓரத்தில் கறுத்து, ஆறினதும் கமர்கட் மாதிரி இறுகிக் கிடக்கும். தோல் கிழங்கை விட்டுத் தளர்ந்து சுருங்கியிருக்கும். அதுதான் பதம். என் பெண் அந்த ஃபாயிலை நகத்தால் சுரண்டித் தின்பதற்கென்றே அடுப்படியில் வந்து நிற்பாள். ஒரு சொட்டு சர்க்கரை சேர்க்காமல் வந்த பாகு அது, அதை ருசி பார்த்தபிறகு ஒரு கப் சர்க்கரை போட உங்களுக்கே கை வராது.

ஆறியதும் தோலை உரித்து, அதில் வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பால் கால் கப், உப்பு முக்கால் டீஸ்பூன், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோல் துருவல், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்குப்பொடி கால் டீஸ்பூன், ஜாதிக்காய் இரண்டு இழுப்பு. உப்பைக் குறைத்துவிடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக்காட்டுவதே அதுதான், பாயசத்தில் ஒரு சிட்டிகை போடுகிறோமே அந்தக் கணக்கு. முட்டை வேண்டாம். முட்டை இதில் கொஞ்சம் உப்பிவரச் செய்யும், அவ்வளவுதான், அதற்குப் பதில் பீட்டரால் இரண்டு நிமிஷம் அடித்தால் போதும், மாமியாரும் சாப்பிடலாம். நார் இருந்தால் பீட்டர் கம்பியிலேயே சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

வெண்ணெயையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். எடுக்காதீர்கள். அந்த ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின், உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்வது அதைத்தான், அது உடம்பில் ஏற கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாத கிழங்கு மசியல் ருசியும் இல்லை, சத்தும் முழுசாகச் சேராது. பழைய ரெசிபியில் 189 கிராம் வெண்ணெய், இதில் மேலே தூவுவதையும் சேர்த்து 56 கிராம். போதும்.

மேலே தூவுவதை விட்டுவிடாதீர்கள். என் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற பெரிய தப்பு இது, மொறுமொறுப்பைத் தூக்கிவிட்டு மொட்டையாக மசியலை நீட்டுவார்கள், அது நோயாளிச் சாப்பாடு மாதிரி மேஜையில் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். இந்தக் கேசரோலில் ஜனங்கள் தேடுவது சர்க்கரையை என்று நான் நினைக்கவில்லை, மெத்தென்ற மசியலுக்கு மேல் கடக்மொடக்கென்று ஏதாவது வேண்டும், அதைத்தான். பெக்கானை அப்படியே ஒரு கப் வைத்துக்கொள்ளுங்கள். மைதாவுக்குப் பதில் ஓட்ஸ் அரை கப், சீக்கிரம் வேகிற தூள் ஓட்ஸ் வேண்டாம், தட்டை ஓட்ஸ். உருக்கின வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பிரவுன் சுகர் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கொஞ்சம் பட்டை, அப்புறம் என் பங்குக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், தொண்டையில் லேசாகப் பட்டால் போதும். பிசறி தனி டப்பாவில். அந்த 2 கரண்டி பிரவுன் சுகர் மொத்தமே 27 கிராம் போலத்தான், பத்துப் பேருக்கு ஆளுக்கு 3 கிராம்கூட வராது. 52 எங்கே, 3 எங்கே.

மசியலை புதன்கிழமையே பாத்திரத்தில் பரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வியாழன் வான்கோழி வெளியே வந்து அரை மணி ஆற வேண்டும் இல்லையா, அந்த நேரத்தில் ஓவன் காலி. பெக்கானைத் தூவி 350இல் 35, 40 நிமிஷம், நடுவில் கத்தியை விட்டுத் தொட்டுப்பார்த்தால் சுட வேண்டும். மேலே சிவந்துவிட்டது, உள்ளே சில்லென்று இருக்கிறது என்றால் ஃபாயிலைப் போர்த்துங்கள். வான்கோழிக்கு முந்தி எடுத்து வெளியே வைத்திருந்தால் நேரம் குறையும்.

பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோ வேண்டும் என்றால் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் அதே மசியலை எடுத்து, கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் மேலே நாலு போட்டு வையுங்கள், அங்கே இங்கே நகராமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள், கண்ணை எடுத்தால் கரி. பாதிப் பாத்திரத்தில் போடாதீர்கள், உருகி அந்தப் பக்கம் ஓடும், மாமியார் சாப்பிட முடியாமல் போகும். வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் நாலு மார்ஷ்மெல்லோ சாப்பிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது மாமனார் விஷயம். இங்கே உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். கிழங்கை ஓவனில் மெதுவாகச் சுட்டு இனிப்பாக்கச் சொன்னேனே, அதே காரணத்தால் சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஜமைக்காவில் விளையும் பத்து ரகங்களை எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், வேகவைத்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்) 50க்குள் நின்றது, அதே ரகங்களைச் சுட்டபோது 79இலிருந்து 94 வரை போனது. ரகத்துக்கு ரகம் மாறும் என்றாலும் போக்கு அதுதான். அப்புறம் ஏன் சுடச் சொன்னாய் என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆளுக்கு 50 கிராம் சர்க்கரையை மேஜையிலிருந்து அகற்ற அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாமனாருக்குத் தனி வழி.

அவருக்கும் மாமியாருக்குமாக ஒரு பொரியல் செய்துவிடுங்கள். அதற்கு ஆரஞ்சு கிழங்கு சரிப்படாது, குழைந்துவிடும். ஆசியக் கடைகளில் ஊதாத் தோலும் வெளிர் மஞ்சள் சதையுமாக ஜப்பான் கிழங்கு என்று விற்பார்கள், நம்மூரில் பொங்கலுக்கு வருகிற கிழங்குக்குக் கிட்டத்தட்ட அதுதான், மாவாக, கெட்டியாக இருக்கும். தோலோடு முழுசாகத் தண்ணீரில் போட்டு, குத்தினால் லேசாக எதிர்க்கிற பதத்தில் எடுத்து, ஆறவிட்டு உரித்து வில்லை போடுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, தேங்காய், இறக்கினதும் எலுமிச்சை. பருப்பும் கடலையும் தேங்காயும் சேரும்போது சர்க்கரை ஏறும் வேகம் இன்னும் தணியும். நான் இதை அமெரிக்க விருந்துகளுக்கு எடுத்துப்போயிருக்கிறேன், காலிப் பாத்திரத்தோடுதான் திரும்பியிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள், இல்லையென்றால் மாமனாருக்கு மிஞ்சாது.

அளவு அரை கப். எல்லாரும் ரசித்துச் சாப்பிடுகிற கேசரோலை அவர் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி, கண்டிப்பாகப் பெக்கானோடு. ஆனால் இது கூடுதலாகச் சாப்பிடுவது இல்லை, மாற்றாகச் சாப்பிடுவது. தேங்க்ஸ்கிவிங் தட்டைக் கவனித்திருக்கிறீர்களா, உருளைக்கிழங்கு மசியல், ரொட்டித் துண்டில் செய்த ஸ்டஃபிங், பன், சோளம், இந்தக் கிழங்கு, பை, எல்லாமே மாவு. கிரான்பெர்ரி சாஸ் பார்க்கத் தொக்கு மாதிரி இருக்கும், டின் சாஸில் கால் கப்பிலேயே 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. கிழங்கு சாப்பிட்டால் பன்னும் உருளை மசியலும் கிடையாது என்று அவரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். மேஜையில் பத்துப் பேர் முன்னால் 'மாமா, போதும் மாமா' என்று சொல்லவே சொல்லாதீர்கள், மானஸ்தர் என்றால் அதற்காகவே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். தட்டில் பாதிக்குப் பீன்ஸும் சாலடும், கறி சாப்பிடுகிறவர் என்றால் அதோடு வான்கோழி, இவற்றை முதலில் சாப்பிடட்டும், கிழங்கு கடைசியில்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கிளிமெபிரைடு. இந்த விருந்து மத்தியானச் சாப்பாடும் இல்லை, ராச்சாப்பாடும் இல்லை, மூன்று மணி, நாலு மணிக்குத்தான் ஆரம்பிப்பார்கள், அதிலும் வான்கோழி வேகவில்லை என்று இன்னும் ஒரு மணி இழுக்கும். காலையில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு, விருந்து இருக்கிறதே என்று மத்தியானம் பட்டினி கிடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், பேச்சில் குழறல் என்று வந்தால் அது தாழ்சர்க்கரை. அன்றைக்கு அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்துக்கு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் தயிர்சாதமோ கொடுத்துவிடுங்கள், விருந்தில் அந்த அளவு குறைத்துக்கொள்ளட்டும். மாத்திரை நேரத்தையோ அளவையோ நீங்களாக மாற்ற வேண்டாம், ஊரில் பார்க்கும் டாக்டருக்கு இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். அப்படியே அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள், 15 வருஷச் சர்க்கரையில் அது முக்கியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கிழங்கு விஷயத்தில் நான் சொன்ன அளவெல்லாம் செல்லாது, அவர் சொல்வதுதான் கணக்கு.

வீட்டில் கிளுகோமீட்டர் இருக்கும் அல்லவா, வியாழன் வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரக் கடைசியிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். பொரியல் அரை கப், அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்து. சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி கழித்து ஒரு தடவை. பொதுவாக 180க்குள் நிற்க வேண்டும், அவருடைய டாக்டர் வேறு எண் கொடுத்திருந்தால் அது. நின்றால் நிம்மதி, தாண்டினால் கால் கப்பாக்குங்கள். குறியீட்டு அட்டவணையில் நான் சொல்கிற நம்பரைவிட அவர் விரல் நுனி சொல்கிற நம்பர்தான் பெரிசு. சாப்பிட்டு முடித்து எல்லாரும் கால்பந்து பார்க்க சோபாவில் சாய்வார்கள், அந்த நேரத்தில் மாமனாரைப் பேரன் பேத்தியோடு தெருவை ஒரு சுற்று, கால் மணி நேரம் நடத்திக் கூட்டிவாருங்கள், நவம்பர் குளிர், ஸ்வெட்டரும் குல்லாவும் மறக்காமல்.

கடைசியாக அந்தச் சம்பந்தியம்மா. பாரம்பரியம் பாரம்பரியம் என்கிறார்களே, மார்ஷ்மெல்லோ போட்ட இந்தக் கிழங்கு 'யாத்ரீகர்கள்' என்று இவர்கள் சொல்கிற, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் காலத்தது இல்லை, 1621இல் பிளிமத்தில் நடந்த அந்த முதல் விருந்தில் சர்க்கரைவள்ளியே கிடையாது. 1917இல் ஏஞ்சலஸ் என்ற மார்ஷ்மெல்லோவைத் தயாரித்த கம்பெனி தன் சரக்கை விற்பதற்காக ஜேனட் மெக்கென்சி ஹில் என்ற சமையல் ஆசிரியையை வைத்து ஒரு ரெசிபிப் புத்தகம் போட்டது, இந்த ஜோடி பரவியது அதில்தான். விளம்பரத்தில் பிறந்த பாரம்பரியம். இதை உங்கள் மனதைரியத்துக்காகச் சொல்கிறேன், தயவுசெய்து விருந்து மேஜையில் எடுத்துவிடாதீர்கள். எந்த அம்மாவுக்கும் தன் கைச்சமையல் விளம்பரம் என்று கேட்கப் பிடிக்காது, உங்கள் மாமியாரிடம் போய் அவர் வைக்கிற சாம்பாருக்குச் சரித்திரம் சொல்லிப்பாருங்கள்.

'ஹெல்தி' என்ற வார்த்தையையும் எடுக்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாக்கு சுருண்டுவிடும், சாப்பிடுமுன்பே ஏதோ குறைகிறது என்று தீர்மானித்துவிடுவார்கள். அதற்காக ஏமாற்றவும் வேண்டாம். இரண்டு நாள் முன்னால் அவருக்கே போன் செய்து, 'உங்க ரெசிபிதான், எங்க மாமனாருக்குச் சர்க்கரை, மாமியார் முட்டை சாப்பிடமாட்டாங்க, அதனால கொஞ்சம் கை வெச்சிருக்கேன், பெக்கான் மேல் நீங்க என்ன பதத்துல எடுப்பீங்க?' என்று கேளுங்கள். காரணம் வயசான மனுஷன் என்று தெரிந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கருத்துக் கேட்டால் பெருமையும்கூட. அப்படியே யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். வந்ததும் அவர் கையிலேயே பெக்கான் டப்பாவைக் கொடுத்துத் தூவச் சொல்லுங்கள், அப்புறம் அது அவர் வீட்டுச் சமையல்தான்.

மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். மேலே இருக்கும் பெக்கானை ஒதுக்கிவிட்டு, மசியல் ஒரு கப்புக்குக் கோதுமை மாவு ஒன்றரைக் கப்பிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர் விடாமல் பிசைந்து, ஓமம் கொஞ்சம் கசக்கிப் போட்டால் வெள்ளிக்கிழமை காலைக்குச் சப்பாத்தி ஆயிற்று. ஒட்டினால் இன்னும் ஒரு கைப்பிடி மாவு.